வால் நுனியில் ஒரு குத்து

அந்த மாலையை மடியில வெச்சுக்குங்க சார். ஜன்னலோரம் வெச்சா காத்துக்கு ரோஜா அத்தனையும் உதிர்ந்து, எறங்கும்போது நாரும் ஜிகினாவும்தான் கையில நிக்கும். துக்க வீட்டுக்குத்தானே? நெனச்சேன். கல்யாண மாலைன்னா பெட்டியில போட்டுக் குடுத்திருப்பான். சொந்தமா? ஓ, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரோட அப்பா. பாபநாசமா. சரி சரி. நான் திருச்சி வரைக்கும் போறேன்.

ஒரு உபகாரம் சார். அங்க போனதும் அவரு நெத்தியில என்ன காசு ஒட்டியிருக்காங்கன்னு ஒரு பார்வை பாத்துருங்க. சிரிக்காதீங்க. சாதாரண ஒத்த ரூபான்னா மாலையைப் போட்டுட்டு வந்துருங்க. வெள்ளிக் காசா இருந்தா, பழைய ராஜா தலை போட்டதா இருந்தா, அவரோட பையனைத் தனியாக் கூப்பிட்டு, “தம்பி, என்ன வருஷத்துக் காசுன்னு பாத்தியாப்பா?”ன்னு கேளுங்க. என்கிட்ட அப்படிக் கேக்க ஆள் இல்லாமப் போச்சு. இல்ல, எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியல. அதான் வயித்தெரிச்சல்.

என்ன இவன் இன்னும் வண்டியை எடுக்க மாட்டேங்குறான்? அங்க பாருங்க, டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாரு. அந்த டீ ஆறி நாழியாச்சு.

என் பேரு கலியபெருமாள். மாயவரத்துல போட்டோ பிரேம் கடை வெச்சிருக்கேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவங்க படம். பொழப்பு அது. ஆனா மாயவரத்துல என்னைக் கேட்டீங்கன்னா, “காசு கலியபெருமாளா?”ன்னுதான் கேப்பாங்க. காசு நெறைய இருக்குன்னு நெனச்சுக்காதீங்க. பழைய காசு சேக்குறவன். வெள்ளி ரூபாய் மட்டும்தான். செம்பு, நிக்கல் எல்லாம் தொடமாட்டேன்.

வாரத்துக்கு ஒருத்தராவது கடைக்கு வருவாங்க சார். கைக்குட்டையில முடிஞ்சு, ஏதோ புதையலைக் கொண்டு வர்ற மாதிரி. பிரிச்சா விக்டோரியா ராணி தலை. “நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க, என்ன விலை போகும்?” நான் சொல்லுவேன், அம்மா, பழசுன்னா விலைன்னு யாரு சொன்னது? ராணி காசு ஊருக்கு ஊரு கெடக்கு. வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், போயிட்டு வாங்க. காசுக்கு வயசு முக்கியமில்ல சார். அந்த மாதிரி இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு? அதுதான் விலை. எல்லார்கிட்டயும் இருந்தா அது வெறும் வெள்ளி. ரெண்டு பேர்கிட்ட மட்டும் இருந்தா, மூணாவது ஆளுக்குத் தூக்கம் போயிடும். அந்தத் தூக்கத்துக்குத்தான் விலை குடுக்குறான்.

அடுத்தது தேய்மானம். ராஜாவோட காதுமடல் வரிவரியாத் தெரியணும். அப்புறம் கை வெக்கக் கூடாது. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, விக்கப் போறோமேன்னு பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டு, விபூதி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு வருவாங்க. அதோட முடிஞ்சது. அந்தக் கருப்பு இருக்கு பாருங்க, வருஷக் கணக்காப் படிஞ்ச கருப்பு, அதுதான் காசோட தோல். தோலை உரிச்சுட்டு என்கிட்ட வந்து விலை கேட்டா? ஓட்டை போட்டுக் கழுத்துல தொங்கவிட்டதும் அப்படித்தான். வளையம் பத்தவெச்சதும் அப்படித்தான்.

அப்பாடா, எடுத்துட்டான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்? ஆங். ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட ரூபாய் தெரியுமா? அதுல முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசு எங்க வேணும்னாலும் கிடைக்கும். முப்பத்தொம்பதாம் வருஷத்துது கிடைக்காது. அடிச்சாங்க, ஆனா புழக்கத்துக்கு வந்தது சொற்பம். பின்பக்கம் அடியில பூவுக்குக் கீழ ஒரு சின்னப் புள்ளி இருக்கும், பம்பாய் மிண்ட்ல அடிச்சதுக்கு அடையாளம். அது ஒண்ணு கையில இருந்தா சேக்குறவங்க கூட்டத்துல நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. அதனால போலியும் அதுலதான் ஜாஸ்தி. முப்பத்தெட்டை வாங்கி, எட்டோட கீழ் வயித்துல இடது பக்கத்தை மட்டும் செதுக்கி எடுத்துட்டா என்ன ஆகும்? ஒம்பது! அவ்வளவுதான் வித்தை. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஏமாந்திருக்காங்க. நான் ஏமாற மாட்டேன். லென்ஸ் வெச்சுப் பாத்தா செதுக்கின தடம் எனக்குத் தெரியும்.

அந்த முப்பத்தொம்பது எங்கப்பாகிட்ட இருந்துச்சு சார்.

எங்கப்பா வைத்திலிங்கம். கும்பகோணத்துல பாத்திரக் கடை வாசல்ல ஸ்டூல் போட்டுப் பேரு வெட்டுறவரு. குடம், தாம்பாளம், டிபன் பாக்ஸ் எது வாங்கினாலும் அவருகிட்ட நீட்டுவாங்க. சின்ன உளி, சின்னச் சுத்தி. டொக்கு டொக்கு டொக்குன்னு புள்ளிப் புள்ளியா வெட்டுவாரு. பேரு, இனிஷியல், கல்யாணத் தேதி. அப்புறம் மெஷின் வந்துச்சு, அவருக்கும் கண்ணு மங்கிச்சு, வீட்டோட உக்காந்துட்டாரு. அம்மா முன்னாடியே போய்ட்டாங்க. புருஷன் தவறினப்புறம் மங்களம் அக்கா அப்பா கூடயே வந்துட்டா. அவதான் பாத்துக்கிட்டா.

நானா? எனக்கு எங்க சார் நேரம்? கடை. தீபாவளிக்குப் போவேன், பொங்கலுக்குப் போவேன். ஒரு தீபாவளிக்குப் போயிருந்தப்ப, பேச வேற ஒண்ணுமில்லாம, இந்த முப்பத்தொம்பது கதையைச் சொன்னேன். ஆச்சரியம், மனுஷன் காது குடுத்துக் கேட்டாரு. என் வாழ்க்கையில நான் சொன்ன எதையும் அவரு அப்படிக் கேட்டதில்ல. “எட்டை எப்படிடா ஒம்பதாக்குவான்?”ன்னு கேட்டாரு. காலண்டர் தாள் பின்னாடி பெருசா வரைஞ்சு காமிச்சேன். இந்த எடத்துல செதுக்குவான், இந்த எடத்துல மாட்டிக்குவான்னு. “வாங்குறவன் எதை வெச்சுக் கண்டுபிடிப்பான்?”ன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். கையில வாங்கிச் சாய்ச்சுப் பாக்கணும், வெளிச்சத்துல திருப்பிப் பாக்கணும்னு.

பொங்கல் முடிஞ்ச கையோட போன் பண்றாரு. “கலியா, உங்கம்மா அரிசிப் பானையில போட்டு வெச்ச காசு ஒண்ணு கெடக்குடா. முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறியா?”

அந்த ஞாயித்துக்கிழமை மொத பஸ்ஸுக்குப் போயிட்டேன். போனா, “உக்காரு, சாப்பிடு”ங்கறாரு. காசு எங்கப்பான்னா, “சாப்பிட்டுட்டுப் பாரு”ங்கறாரு. சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன்னு தெரியாது. அப்புறம் உள்ள போய் ஒரு பஞ்சுல வெச்சு எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு விரலால ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் கையை நீட்டினா இழுத்துக்கிறாரு. “தொடாதே. கை வேர்வை பட்டாப் போயிடும்னு நீதானே சொன்னே?”

சொன்னேன். அதுக்காகப் பெத்த பிள்ளை கையில குடுக்கக் கூடாதா?

லென்ஸ் வெச்சுப் பாத்தேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்காரு, வெளிச்சம் பத்தல. ஆனா புள்ளி இருக்கு. ஒண்ணு, ஒம்பது, மூணு, ஒம்பது. காது மடல் வரிவரியா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு பாத்தேன் பாருங்க. கடைசி ஒம்பதோட வாலு லேசா உள்ள மடிஞ்சு, நுனியில ஊசி குத்தின மாதிரி ஒரு குத்து. புஸ்தகத்துல எங்கயும் இல்லாத குறி. அச்சுலயே அப்படி விழுந்திருக்கணும். அப்படின்னா அது முப்பத்தொம்பதுலயும் தனி ரகம். உலகத்துல இன்னொண்ணு இருக்கான்னே தெரியாது.

“குடுப்பா”ன்னேன். “குடுக்க மாட்டேன். வேணும்னா அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை பாத்துக்க”ன்னாரு.

எவ்வளவு வில்லங்கம் பிடிச்ச மனுஷன் பாருங்க! குடுக்கவும் மாட்டாரு, போட்டோ எடுக்கவும் விடமாட்டாரு, விலை பேசினா காது கேக்காத மாதிரி உக்காந்திருப்பாரு. ஆசை காட்டி ஆசை காட்டி வருஷக் கணக்கா என்னை இழுத்தடிச்சாரு சார். ஞாயித்துக்கிழமை ஆனா மாயவரத்துலேர்ந்து கும்பகோணம். மழையா, வெயிலா, மாமனார் வீட்டு விசேஷமா, எதுன்னாலும் கும்பகோணம். அக்கா வாழைப்பூ வடை தட்டி வெச்சிருப்பா. அப்பா தலைக்கு எண்ணெய் வெச்சுச் சீவி, வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. என்னத்துக்கு இந்த அலங்காரம்? ஒரு காசைக் காட்டறதுக்கு! சாப்பாடு முடிஞ்சு, கடையில யாவாரம் எப்படி, பேத்தி என்ன படிக்கிறா, உன் பொண்டாட்டிக்கு முட்டிவலி தேவலையா, எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் உள்ள எந்திரிச்சுப் போவாரு. அதுவரைக்கும் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். வரலன்னு போன் பண்ணினேன். “காசு உன்னைக் கேட்டுச்சுடா”ங்கறாரு. நக்கல்.

இது எந்த ஊரு? குத்தாலம் தாண்டியாச்சா? காலையில சாப்பிடாமக் கெளம்பிட்டேன். தயிர்சாதம்தான், ஒரு வாய் எடுத்துக்கறீங்களா? வேணாமா. சரி, துக்க வீட்டுக்குப் போறவங்களை வற்புறுத்தக் கூடாது. இந்த டப்பாவும் அப்பா கையால பேரு வெட்டினதுதான், மூடியில பாருங்க. தேய்ஞ்சு போச்சு. புதுசு வாங்கித் தர்றேன்னு பொண்ணு சொல்றா. இதுலதான் மூடி இறுக்கமா இருக்கு.

போன ஐப்பசியில அப்பா போய்ச் சேந்துட்டாரு. அக்கா போன் பண்ணினா. ஓடினேன். கூடத்துல கிடத்தியிருந்தாங்க. கிட்டப் போய்க் குனிஞ்சு பாக்குறேன், நெத்தியில சந்தனம், சந்தனத்து மேல அந்தக் காசு! முப்பத்தொம்பது! பூவும் வருஷமும் மேல தெரியுற மாதிரி ஒட்டியிருக்கு. ராஜா தலை சந்தனத்துக்குள்ள முங்கியிருக்கு.

எனக்கு அழுகை வரல சார், பொய் சொல்வானேன். “அக்கா, என்ன காரியம் பண்ணினே? சந்தனம் பட்டாக் கறை போகாதே!”ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. “அப்பா சொன்னதுடா. இதைத்தான் ஒட்டணும்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. பேசாம அங்க உக்காரு”ன்னா.

உக்காந்தேன். தலைமாட்டுலயே உக்காந்தேன். எந்திரிக்கவே இல்ல. வர்றவங்க போறவங்க மாலை போடறப்ப காசு நழுவிடுமோ, எவனாவது கை வெச்சுடுவானோ. யாரோ காபி குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். வந்தவங்க எல்லாம் என்னைக் காட்டி, “பாருங்க, அப்பா மேல எவ்வளவு பாசம், அந்த எடத்தை விட்டு நகர மாட்டேங்குறான்”ங்கறாங்க. ஈ ஓட்டுற சாக்குல பையில இருந்த ஒத்த ரூபாயை எடுத்து, அதை ஒட்டிட்டு இதை எடுத்துடலாம்னு நெத்தியில கை வெச்சேன். அத்தை பாத்துட்டாங்க. நான் அப்பாவைத் தடவிக் குடுக்குறேன்னு நெனச்சு, “கலியா, உன்னைப் பாக்கத்தானே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாசல்ல கெடந்தாரு”ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. விடவே இல்ல. கையை எடுக்க முடியாம அப்படியே வெச்சுக்கிட்டு இருந்தேன்.

நெத்தி ஜில்லுன்னு இருந்துச்சு.

அவ்வளவு கிட்டத்துல பாத்துக்கிட்டே இருந்ததுல ஒண்ணு கவனிச்சேன். இடது புருவத்துக்குள்ள ஒரு தழும்பு. முடிக்குள்ள மறைஞ்சு கெடக்கு. அத்தைகிட்டக் கேட்டேன். உளி தெறிச்சதாம், நான் பொறந்த வருஷம். வருஷக் கணக்கா வாராவாரம் போயிருக்கேன் சார், அவரு மொகத்துல அது இருக்கறதே எனக்குத் தெரியாது. அதை எதுக்குச் சொல்றேன்னா, காசுல இருக்குற ஒரு கீறலைக் கூட விடமாட்டேன் நான். அதுக்குச் சொன்னேன்.

என்ன, நின்னுடுச்சு? கேட்டா? ரயில்வே கேட் போட்டா இவனுங்களுக்கு என்னமோ கல்யாணம் மாதிரி, எல்லாரும் எறங்கிடுவானுங்க. ரயிலையே காணோம். உக்காருங்க, உக்காருங்க, நான் சும்மா எட்டிப் பாத்தேன்.

சுடுகாட்டுல எடுத்துக்கலாம்னு இருந்தேன். அங்க தங்கராசுன்னு ஒருத்தர்தான் வேலை பாக்குறவரு. அவருகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன், நெத்திக் காசு உங்களுக்குச் சேர வேண்டியதுதான், அதுக்கு மேலயே நான் தர்றேன், அதை மட்டும் எடுத்து என்கிட்டக் குடுத்துருங்கன்னு. அவரு சொல்றாரு, “இல்லீங்க, அக்கா ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. காசை எடுக்கக் கூடாது, அப்படியே வெச்சு எரிச்சுடணும்னு பெரியவரோட ஆசையாம். எனக்குத் தனியாக் குடுத்துட்டாங்க.” எரிக்கணுமாம்! முப்பத்தொம்பதை!

நான் ஒரே ஆம்பளைப் பிள்ளை. கொள்ளி என் கையில. உங்களுக்குத் தெரியும், முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் கொள்ளி வெக்கணும். வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும். அன்னைக்குப் பூரா நான் கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தது என் முதுகுக்குப் பின்னாடி. “திரும்பிப் பாக்காதே, நேராப் போ, நேராப் போ”ங்கறாங்க. நான் திரும்பிட்டேன் சார். தோளைப் பிடிச்சுத் தள்ளினாங்க, மறுபடியும் திரும்பினேன். வறட்டிக்கு மேல புகை. ஒண்ணும் தெரியல. “பிள்ளைக்கு மனசு கேக்கலய்யா”ன்னு பெரியப்பா மகன் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். என்னத்தைச் சொல்றது அவன்கிட்ட?

மறுநாள் பால் தெளிக்கப் போனப்ப சாம்பலைக் கையாலயே அரிச்சேன். எலும்பு பொறுக்கணும்ல, அதனால யாரும் ஒண்ணும் சொல்லல. கிடைச்சுடுச்சு. கன்னங்கரேல்னு. உருகல, ஓரம் மட்டும் லேசா வளைஞ்சிருந்துச்சு. வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டேன்.

கருமாதி அன்னைக்குத்தான் சண்டை. பந்தியில உக்காந்திருக்கேன், அக்கா வந்து, “எடுத்துட்டியாமே, தங்கராசு சொன்னாரு. அதை வெளியில யாருகிட்டயும் காட்டாதே கலியா”ன்னா. ஏன் காட்டக் கூடாது? பொட்டுன்னு சொல்லிட்டா: “அது அப்பா வெட்டின ஒம்பதுடா.”

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ அடுக்குறா. அந்தத் தீபாவளிக்கு அப்புறம் சேட்டுக் கடையில முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசு மூணு வாங்கினாராம். கொல்லையில வெளிச்சத்துல உக்காந்து, மங்கின கண்ணை வெச்சுக்கிட்டு, ரெண்டைப் பாழாக்கி மூணாவதுலதான் சரியா வந்துச்சாம். “ஏம்ப்பா இந்த வேலைன்னு கேட்டேன். இதைப் பாக்கவாவது வருவான்ல மங்களம்னாரு”ங்கறா. “அப்ப எதுக்கு நெத்தியில ஒட்டச் சொன்னாரு?”ன்னு கேட்டேன். “கடைசி நாளாவது நீ கிட்டவே உக்காந்திருப்பேன்னாரு. அப்படியே எரிச்சுடு, இல்லன்னா எவன்கிட்டயாவது காட்டிட்டு அவமானப்பட்டு நிப்பான்னாரு”ங்கறா.

கேட்டீங்களா கதையை? எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு கட்டிவிட்ட கதை. பொறாமை சார். நான் லென்ஸ் வெச்சு வருஷக் கணக்காப் பாத்திருக்கேன். செதுக்கின தடம் எனக்குத் தெரியாதா? என்னையா ஏமாத்த முடியும்? அதுவும் எங்கப்பா? காசுன்னா என்னன்னே தெரியாது அவருக்கு. நான் சொல்லிக் குடுத்துதான்... சரி விடுங்க. இலையை மடிக்காமக் கூட எந்திரிச்சு வந்துட்டேன். அதுலேர்ந்து அந்த வீட்டுப் படி ஏறல. இந்த பஸ் கும்பகோணம் வழியாத்தான் போகுது, ஸ்டாண்டுல நிக்கும். நான் கண்ணை மூடிக்குவேன்.

ஆமா, திருச்சிக்கு வாராவாரம் போறேன். திருச்சியில மலைக்கோட்டைக்குக் கீழ சலாவுதீன் பாய்னு ஒருத்தர் இருக்காரு, வெள்ளிக் காசுல அவரு சொன்னா சொன்னதுதான். கையில வாங்கின உடனே சொல்லிடுவாரு. அவருகிட்டக் காட்டி, நெசம்னு எழுதி வாங்கி, அக்கா மூஞ்சியில காட்டணும். மாடிப்படி வரைக்கும் போயிருக்கேன். ஒரு தடவை கூட்டமா இருந்துச்சு. ஒரு தடவை மின்சாரம் இல்ல, வெளிச்சம் இல்லாம என்னத்தைப் பாப்பாரு? போன வாரம் அவரு தனியாத்தான் இருந்தாரு, சும்மா ஈ ஓட்டிக்கிட்டு. எனக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.

வீட்டுல கேக்குறா, “காட்டவும் மாட்டேங்குறீங்க, வீட்டுலயும் இருக்க மாட்டேங்குறீங்க, எதுக்கு இந்த அலைச்சல்?”னு. ஞாயித்துக்கிழமை ஆனா என்னால கடையிலயும் இருக்க முடியல, வீட்டுலயும் இருக்க முடியல சார். காலு நிக்க மாட்டேங்குது. மத்த நாள் எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்.

கேட்டைத் தொறந்துட்டான். எடு எடு எடு.

இருங்க, உங்ககிட்டக் காட்டுறேன். உங்களுக்குக் காசு பத்தி ஒண்ணும் தெரியாதுல்ல? அதான் நல்லது. ஒண்ணும் தெரியாத கண்ணுதான் வேணும். தொடுங்க, பரவால்ல, இனிமே என்ன இருக்கு. பின்பக்கம் திருப்புங்க. கடைசி எண் என்ன? ஒம்பதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எட்டு மாதிரி இல்லல்ல? ஒம்பதுதான். அதான் நான் சொன்னேன்! வாலு நுனியைப் பாருங்க, இந்தாங்க லென்ஸ். குத்து தெரியுதா? நெருப்புல கூடப் போகல.

என்ன சார்?

என்ன, டப்பாவையும் காசையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க?

குடுங்க அதை. இது என் கல்யாணத்துக்கு அப்பா வெட்டினது சார், வை. கலியபெருமாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. இதுல என்ன இருக்கு? தேய்ஞ்சு போன டப்பா. ஒண்ணு. ஒம்பது. ஒம்பது. ஒம்பது.

வாலு...

லென்ஸை இப்படிக் குடுங்க.

அவரு வெட்டுறப்பப் பக்கத்துல உக்காந்திருக்கேன் சார், சின்ன வயசுல. ஒவ்வொரு எழுத்து முடிஞ்சதும், முடிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி நுனியில சும்மா ஒரு தட்டு தட்டுவாரு. டொக்கு. தேவையே இல்லாத தட்டு. எதுக்குப்பான்னு கேட்டா, “கை பழகிடுச்சுடா”ம்பாரு. மூணு ஒம்பதுலயும் இருக்கு. இந்தா, இந்தா, இந்தா. இருபத்தஞ்சு வருஷமா இதுலதான் தயிர்சாதம் தின்னுக்கிட்டு இருக்கேன். காசுலயும் அதே தட்டு. கையை விட்டுப் போகல பாருங்க மனுஷனுக்கு. பிள்ளையை ஏமாத்துறப்பக் கூட, பழக்கதோஷத்துல ஒரு தட்டு தட்டிட்டாரு.

ஒண்ணுமில்ல சார். தூசி. ஜன்னலைச் சாத்துங்க.

கண்ணு தெரியாது அவருக்கு. நான் போனா, யாருன்னு பக்கத்துல வந்தாத்தான் தெரியும். அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இத்துனூண்டு எட்டுல...

பாயா? பாய் எங்க போயிடப் போறாரு. அவரு பாத்தா என்ன சொல்லுவாரு, வெள்ளி விலைம்பாரு. எரிஞ்ச காசு, செதுக்கின காசு, ரெண்டும் சேந்த காசு. அவருக்கு என்ன தெரியும்? சார், நான் மொதல்ல என்ன சொன்னேன்? அந்த மாதிரி எத்தனை மிச்சம் இருக்கோ, அதுதான் விலைன்னு சொன்னேனா இல்லையா? ரெண்டைப் பாழாக்கினாருன்னு அக்கா சொன்னால்ல, அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டா. அவ எதையும் தூக்கிப் போட மாட்டா. அப்படின்னா உலகத்துலயே மொத்தம் மூணுதான். ஒண்ணு என்கிட்ட இருக்கு.

ஸ்டாண்டு வந்துடுச்சா? கண்டக்டர், இருங்க இருங்க, ஒரு ஆள் எறங்கணும்! திருச்சி டிக்கெட்தான், பரவால்ல, கும்பகோணம்தான் எறங்குறேன். அந்த டப்பா மூடியைக் குடுங்க சார். மாலையைப் பத்திரமாக் கொண்டு போங்க.

அக்கா லேசுல குடுக்க மாட்டா, எனக்குத் தெரியும். அப்பா பொண்ணாச்சே. “உக்காரு, சாப்பிட்டுட்டுப் பாரு”ம்பா. பாத்து முடிச்சா, “அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை பாத்துக்க”ம்பா.

சொல்லட்டும் சார். வர்றேன்.